பெயர் தெரியாத பழைய ஒயின்: பிளைண்ட் டேஸ்டிங் ஓர் அறிமுகம்

பிளைண்ட் டேஸ்டிங் என்றதும் கண்ணைக் கட்டிக்கொண்டு குடிக்கும் விளையாட்டு என்றுதான் பலர் நினைக்கிறார்கள். கட்டுவது பாட்டிலைத்தான், கண் திறந்தே இருக்கும். நிறத்தைப் பார்க்கலாம், முகரலாம், வாயில் வைத்துப் புரட்டலாம். என்ன ஒயின், எந்த ஊர், எந்த ஆண்டு, என்ன விலை என்பது மட்டும் தெரியாது. நான்கைந்து நண்பர்கள் கூடி, பத்து இருபது ஆண்டுகள் பாட்டிலுக்குள் கிடந்த ஒயின்களை வைத்து இதைச் செய்தால், ஒரே மாலையில் மூக்கும் நாக்கும் கற்றுக்கொள்வது பல மாதம் படித்தாலும் வராது.

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியோடுதான் வருகிறார்கள்: "என்னால் கண்டுபிடிக்க முடியுமா?" பெயரைச் சரியாகச் சொல்வதுதான் நோக்கம் என்று நினைத்துவிடுகிறார்கள். அந்தக் கேள்வியை வாசலிலேயே விட்டுவிட்டு வருகிறவர்தான் நிறையக் கற்றுக்கொள்கிறார் என்பது நான் கண்டது. பழைய ஒயினிடம் "நீ யார்?" என்று கேட்பதற்கு முன்னால் "எப்படி இருக்கிறாய்?" என்று கேட்க வேண்டும். அதற்குப் பதில் கிடைத்துவிட்டால் முதல் கேள்விக்கும் பாதிப் பதில் கிடைத்துவிடும்.

நாக்குக்கு முன்னால் பேசுவது யார்?

லேபிளை ஏன் மறைக்க வேண்டும்? நம் நாக்கை நாம் நினைக்கிற அளவுக்கு நம்ப முடியாது என்பதால்தான். பிரான்ஸின் போர்தோ பல்கலைக்கழகத்தில் ஒயின் தயாரிப்பு படித்துக்கொண்டிருந்த 54 பேரிடம் நடத்திய சோதனை ஒன்று 2001-ல் வெளியானது. முதல் நாள் ஒரு வெள்ளை ஒயினையும் ஒரு சிவப்பு ஒயினையும் கொடுத்து, மணத்தை எழுதச் சொன்னார்கள். வெள்ளைக்கு ஒரு விதமான சொற்கள் வந்தன, சிவப்புக்கு வேறு விதமான சொற்கள். இன்னொரு நாள் அதே வெள்ளை ஒயினை இரண்டு கிளாஸ்களில் ஊற்றி, ஒன்றில் மட்டும் மணமில்லாத சிவப்புச் சாயத்தைக் கலந்து கொடுத்தார்கள். சாயம் கலந்த கிளாஸுக்குப் பெரும்பாலோர் எழுதியவை சிவப்பு ஒயினுக்குரிய சொற்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. கண் சொன்னதை மூக்கு அப்படியே ஏற்றுக்கொண்டது.

நிறம் செய்வதை விலையும் செய்கிறது. கலிஃபோர்னியாவில் நடந்து 2008-ல் வெளியான ஓர் ஆய்வில், ஒரே ஒயினை ஒருமுறை 10 டாலர் என்றும் இன்னொருமுறை 90 டாலர் என்றும் சொல்லிக் கொடுத்து, குடிப்பவர்களின் மூளையை ஸ்கேன் செய்தார்கள். அதிக விலை என்று சொன்னபோது, இன்பத்தை உணர்வதோடு தொடர்புள்ள மூளைப்பகுதி கூடுதலாகவே இயங்கியது. ஆக, "விலையைப் பார்த்து மயங்க மாட்டேன்" என்று உறுதி எடுத்துக்கொள்வதால் பயனில்லை. விலை தெரிந்தால் ஒயின் உண்மையிலேயே நன்றாக இருப்பதாகத்தான் படும். தெரியாமல் இருப்பது ஒன்றுதான் வழி.

இதற்கெல்லாம் பெரிய சாட்சி, 1976 மே 24 அன்று பாரிஸில் நடந்த சுவைப்பு. பிரிட்டனைச் சேர்ந்த ஒயின் வணிகர் ஸ்டீவன் ஸ்பரியர் ஏற்பாடு செய்தது. ஒன்பது பிரெஞ்சு நடுவர்கள், எல்லோரும் துறையில் பெயர் பெற்றவர்கள். சிவப்பிலும் வெள்ளையிலும் தலா ஆறு கலிஃபோர்னிய ஒயின், நான்கு பிரெஞ்சு ஒயின். பெயர் தெரியாமல் மதிப்பெண் போட்டார்கள். சிவப்பில் ஸ்டாக்ஸ் லீப் ஒயின் செல்லர்ஸின் 1973-ம் ஆண்டு ஒயினும், வெள்ளையில் ஷாத்தோ மோன்டெலீனாவின் 1973 ஷார்டனேயும் முதலிடத்துக்கு வந்தன. இரண்டும் கலிஃபோர்னியா. லேபிள் தெரிந்திருந்தால் அன்று இது நடந்திருக்க வாய்ப்பே இல்லை.

பழைய ஒயினில் ஆர்வமுள்ளவர்களுக்கு முக்கியமானது இந்தக் கதையின் இரண்டாம் பாதி. "இளமையில் கலிஃபோர்னியா ஜெயித்திருக்கலாம், வயதாக வயதாக பிரெஞ்சு ஒயின்தான் முந்தும்" என்று அப்போது பலர் சொன்னார்கள். முப்பது ஆண்டுகள் கழித்து, 2006 மே 24-ல், அதே சிவப்பு ஒயின்களை மீண்டும் பெயர் மறைத்துச் சுவைத்தார்கள். முதலிடம் ரிட்ஜ் மோன்டே பெல்லோ 1971. முதல் ஐந்து இடங்களும் கலிஃபோர்னியாவுக்கே. ஒரு ஒயின் எப்படி மூப்படையும் என்பதை அதன் பெயரை வைத்து முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

பாட்டிலுக்குள் என்ன நடக்கிறது?

ஒயின் பழையதாக ஆக நன்றாகும் என்பது பாதி உண்மை. உலகில் தயாராகும் ஒயினில் பெரும்பங்கு ஓரிரு ஆண்டுகளில் குடித்து முடிப்பதற்காகவே செய்யப்படுகிறது. அதை இருபது ஆண்டு வைத்திருந்தால் சோர்ந்துபோன திரவம்தான் மிஞ்சும். வயதைத் தாங்கும் ஒயினுக்குள் அதைக் காக்கும் ஏதோ ஒன்று இருக்க வேண்டும். அது புளிப்பாக இருக்கலாம், துவர்ப்பாக இருக்கலாம், இனிப்பாக இருக்கலாம், ஆல்கஹாலாக இருக்கலாம். இந்த நான்கையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எந்தெந்த பாட்டில்களை வாங்குவது என்ற இடத்தில் மறுபடி வரும்.

சிவப்பு ஒயினுக்கு நிறம் தருவது திராட்சைத் தோலில் இருக்கும் ஆந்தோசயனின். துவர்ப்பு தருவது தோலிலும் விதையிலும் உள்ள டானின். ஆண்டுகள் போகப்போக இவை ஒன்றோடொன்று பிணைந்து பெரிய மூலக்கூறுகளாகின்றன. அவற்றில் ஒரு பகுதி கரைந்திருக்க முடியாமல் வண்டலாக அடியில் படிகிறது. அதனால்தான் பழைய சிவப்பு ஒயினின் நிறம் வெளுக்கிறது, துவர்ப்பு மென்மையாகிறது. ஊதா கலந்த சிவப்பு மெல்ல மாதுளை நிறமாகி, பிறகு செங்கல் நிறத்துக்கு வருகிறது. வெள்ளை ஒயின் இதற்கு நேர் எதிர்: வயதாக ஆக நிறம் ஏறும். வெளிர் மஞ்சள் பொன்னாகும், பொன் தேன் நிறமாகும். மிகப் பழைய சிவப்பும் மிகப் பழைய வெள்ளையும் நடுவழியில் சந்தித்துக்கொள்வதுபோல் ஏறக்குறைய ஒரே நிறத்துக்கு வந்துவிடுவதும் உண்டு.

மணத்தில் நடக்கும் மாற்றம் இன்னும் அழகானது. இளம் ஒயினில் முன்னால் வந்து நிற்பது பழ வாசம். அதற்குப் பின்னால் ஈஸ்ட், ஓக் மரம் ஆகியவற்றிலிருந்து வந்த மணங்கள். கார்க் வழியாக மிகமிகச் சிறிய அளவில் ஆக்ஸிஜன் உள்ளே போகிறது. உள்ளே இருக்கும் சேர்மங்கள் ஒன்றோடொன்று மெதுவாக வினைபுரிகின்றன. புதுப் பழம் உலர்ந்த பழமாகிறது. காய்ந்த இலை, காளான், தோல், புகையிலை, மழை பெய்து ஓய்ந்த தோட்டத்து மண் என்று வேறொரு வரிசை எழுந்து வருகிறது. இவற்றை மூன்றாம் நிலை மணங்கள் என்பார்கள். பழைய ஒயினைத் தேடி அலைகிறவர்கள் எதற்காக அலைகிறார்கள் என்றால் இதற்காகத்தான்.

சில மணங்களுக்கு வேதியியலே நேரடியாகப் பெயர் வைத்திருக்கிறது. ரீஸ்லிங் என்ற வெள்ளைத் திராட்சையின் வயதான ஒயினில் மண்ணெண்ணெய் வாடை அடிக்கும். முதல்முறை முகர்கிறவர்கள் ஒயின் கெட்டுப்போய்விட்டது என்று கிளாஸைத் தள்ளி வைத்துவிடுகிறார்கள். அதற்குக் காரணம் டி.டி.என். என்று சுருக்கமாக அழைக்கப்படும் சேர்மம். திராட்சையில் இருக்கும் கரோட்டினாய்டு நிறமிகள் சிதைந்து அது உருவாகிறது. போர்ச்சுகலின் மதேரா தீவில் செய்யப்படும் மதேரா ஒயின் பழையதானாலும், பழைய இனிப்பு ஒயின்களிலும் வெந்தயத்தை நினைவூட்டும் மணம் வரும். நினைவூட்டுவது மட்டுமில்லை, வெந்தயத்துக்கு அதன் வாசத்தைத் தரும் சோட்டலோன் என்ற அதே பொருள்தான் அந்த ஒயினிலும் இருக்கிறது.

எதையெல்லாம் வரிசையில் வைப்பது?

ஆறிலிருந்து எட்டு பாட்டில் போதும். அதற்கு மேல் போனால் மூக்கு களைத்துவிடும், கடைசி ஒயின்களுக்கு நியாயம் கிடைக்காது. முன்பு சொன்ன நான்கு காப்புகளில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரதிநிதியாவது இருந்தால், மூப்பு என்பது ஒரே பாதை இல்லை என்பது அன்றைக்கே புரிந்துவிடும். புளிப்பால் நிற்பதற்கு ஜெர்மனியின் மோசல் ரீஸ்லிங். துவர்ப்பால் நிற்பதற்கு இத்தாலியின் பரோலோ அல்லது கேபர்னே சோவின்யோன் திராட்சை நிறைந்த போர்தோ. இனிப்பால் நிற்பதற்கு பிரான்ஸின் சோதெர்ன். பொட்ரைடிஸ் என்ற பூஞ்சை திராட்சைத் தோலைத் துளைத்து, நீர் ஆவியாகிச் சாறு கெட்டியான பிறகு செய்யப்படும் ஒயின் அது. ஆல்கஹாலால் நிற்பதற்கு போர்ச்சுகலின் விண்டேஜ் போர்ட். நொதித்தலை நடுவிலேயே திராட்சைச் சாராயம் ஊற்றி நிறுத்துவதால் அதில் இனிப்பும் சாராய வலுவும் இரண்டுமே தங்கிவிடுகின்றன. இதோடு, ஓக் பீப்பாயில் நெடுநாள் வாழ்ந்ததன் அடையாளத்தைக் காண ஸ்பெயினின் ரியோகா கிரான் ரிசர்வா ஒன்று. அந்தப் பெயரை லேபிளில் போட வேண்டுமானால் சிவப்பு ஒயின் குறைந்தது ஐந்து ஆண்டுகள் நிலவறையில் முதிர வேண்டும், அதில் இரண்டு ஆண்டாவது பீப்பாயில்.

நான் வற்புறுத்துவது இரண்டு விஷயங்களை. ஒன்று, வரிசையில் இருக்கும் ஏதாவது ஒரு பழைய ஒயினின் இளைய வடிவத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: அதே தயாரிப்பாளர், அண்மை ஆண்டு. அது பக்கத்தில் இருந்தால்தான் வயது என்ன எடுத்துக்கொண்டது, என்ன கொடுத்தது என்பது தெரியும். இரண்டாவது, ஒயின்களுக்குப் பெயருக்குப் பதில் எண்தான் இருக்கும் என்பதால், யாரிடமும் சொல்லாமல் ஒரே பாட்டிலின் ஒயினை இரண்டு எண்களில் ஊற்றுங்கள். ஒருமுறை எங்கள் குழுவில் இப்படிச் செய்தபோது, மூன்றாம் எண்ணும் ஆறாம் எண்ணும் வெவ்வேறு நாட்டு ஒயின்கள் என்று மூன்று பேர் காரணத்தோடு வாதிட்டார்கள். நானும் அவர்களில் ஒருவன். மூன்றாவதுக்கு முன்னால் குடித்தது புளிப்பான ஒயின், ஆறாவதுக்கு முன்னால் குடித்தது துவர்ப்பான ஒயின். அந்த வேறுபாடுதான் எங்கள் வாயில் பேசியிருக்கிறது. வரிசை எவ்வளவு பெரிய விஷயம் என்பது அன்றைக்குப் புரிந்தது. அதிலிருந்து, ஒருமுறை முன்னிருந்து பின்னாகவும் மறுமுறை பின்னிருந்து முன்னாகவும் சுவைப்பதை வழக்கமாக வைத்திருக்கிறோம்.

என்ன ஒயின்கள் இருக்கின்றன என்ற பட்டியலை முன்பே கொடுத்துவிட்டு எது எந்த எண் என்பதை மட்டும் மறைக்கலாம். இது ஒற்றை மறைப்பு. எதையுமே சொல்லாமல் வைத்தால் இரட்டை மறைப்பு. தொடங்குகிறவர்களுக்கு ஒற்றை மறைப்புதான் நல்லது. கடலில் தள்ளி நீச்சல் பழக்குவதைவிடக் குளத்தில் இறக்குவது மேல்.

திறப்பதற்கு முன்

பழைய பாட்டில் அவசரத்தைப் பொறுக்காது. படுக்க வைத்திருந்த பாட்டிலை ஒன்றிரண்டு நாள் முன்பே நிமிர்த்தி வையுங்கள், வண்டல் அடியில் இறங்கட்டும். அப்போதே கழுத்தைப் பாருங்கள். ஒயின் கழுத்துவரை நிறைந்திருந்தால் பாட்டில் நல்ல இடத்தில் வாழ்ந்திருக்க வாய்ப்பு அதிகம். தோளுக்குக் கீழே இறங்கியிருந்தால் கார்க் கசிந்திருக்கலாம், காற்று புகுந்திருக்கலாம். சுமார் 12, 13 டிகிரி செல்சியஸில் இருட்டில் கிடந்த பாட்டிலும் வெப்பத்தில் வாடிய பாட்டிலும் ஒரே பெயர், ஒரே ஆண்டாக இருந்தாலும் ஒரே ஒயின் இல்லை. ஒரே பெட்டியிலிருந்து எடுத்த இரண்டு பாட்டில்கள்கூட இருபது ஆண்டு கழித்து வேறுபடும். ஒவ்வொரு கார்க்கும் ஒரு விதம்.

அந்தக் கார்க் பெரும்பாலும் நொறுங்கும் நிலையில் இருக்கும். திருகிப் போட்டு இழுத்தால் பாதியில் ஒடிந்து உள்ளே விழும். இரண்டு மெல்லிய தகடுகளைக் கார்க்குக்கும் கண்ணாடிக்கும் நடுவே செருகி, திருப்பித் திருப்பி எடுக்கும் திறப்பான் ஒன்று உண்டு. பழைய பாட்டிலுக்கு அது மிகவும் உதவும். உடைந்துவிட்டாலும் பதற வேண்டாம். சுத்தமான சல்லடை வழியாக ஊற்றினால் போதும்.

வண்டலைப் பிரிக்க, பாட்டிலை ஆட்டாமல் அசைக்காமல் ஒரே சீராக டிகாண்டர் என்ற கண்ணாடிக் குடுவையில் சாய்த்து ஊற்ற வேண்டும். கழுத்துக்குப் பின்னால் ஒரு விளக்கு எரிந்தால் வண்டல் வரும் நேரம் தெரியும், அங்கேயே நிறுத்திவிடுங்கள். வலுவான இளம் ஒயினைப் பல மணி நேரம் காற்றில் விடுவார்கள். முப்பது வயது ஒயினை அப்படி விட்டால், நீங்கள் குடிக்க வருவதற்குள் அதன் மணம் போய்விடலாம். சுவைப்பதற்குச் சற்று முன்னால் ஊற்றுவதே பாதுகாப்பு.

டிகாண்டரில் ஊற்றுவதால் மறைப்பும் எளிதாகிறது. பாட்டிலைப் பையில் போட்டு மூடினாலும் வடிவம் காட்டிக்கொடுத்துவிடும்: தோள் உயர்ந்தால் போர்தோ வகை, தோள் சரிந்தால் பிரான்ஸின் பர்கண்டி வகை, ஒல்லியாக நெட்டையாக நின்றால் ரீஸ்லிங். பையைப் பயன்படுத்துவதானால் கழுத்து உறையை முழுவதும் உரித்துவிடுங்கள், கார்க்கையும் எடுத்து மறைத்துவிடுங்கள். பெயரும் ஆண்டும் அதிலும் அச்சாகியிருக்கும். பைகளை ஒருவர் கட்ட, எண்ணை இன்னொருவர் போட்டால் யாருக்கும் முழுதாகத் தெரியாது.

கிளாஸ்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும். சர்வதேசத் தர அமைப்பு 1977-ல் வகுத்த சுவைப்புக் கிளாஸ் 215 மில்லிலிட்டர் கொள்ளும், வாய் குறுகிய முட்டை வடிவம். அதில் 50 மில்லிலிட்டர் ஊற்றுவார்கள். 750 மில்லிலிட்டர் பாட்டில் இந்தக் கணக்கில் 15 பேருக்கு வரும். ஆனால் எட்டு ஒயினையும் ஒருவர் முழுதாகக் குடித்தால் 400 மில்லிலிட்டர் ஆகிவிடும், பாதி பாட்டிலுக்கும் மேல். ஆகவே துப்புவதற்கு ஆளுக்கொரு பாத்திரம் கட்டாயம். துப்புவது அவமரியாதை இல்லை; தொழில்முறைச் சுவைஞர்கள் எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். துப்பினாலும் கொஞ்சம் உள்ளே போகும் என்பதால், அன்று யாரும் வண்டி ஓட்டக் கூடாது. அறையில் செண்ட், ஊதுபத்தி, சமையல் வாசம் எதுவும் வேண்டாம்.

கிளாஸுக்கு முன்னால்

முதல் பத்து நிமிடம் யாரும் பேசக் கூடாது. எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு இந்த விதி மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். ஒருவர் "செர்ரி" என்று சொல்லிவிட்டால் அடுத்த நொடியிலிருந்து எல்லா கிளாஸிலும் செர்ரி வரும். குழுவில் அதிகம் தெரிந்தவர் யாரோ அவர் கடைசியில்தான் வாய் திறக்க வேண்டும்.

வெள்ளைத் தாளின் மேல் கிளாஸைச் சாய்த்து விளிம்பைப் பாருங்கள். சிவப்பு ஒயினில் நடு நிறத்துக்கும் விளிம்பு நிறத்துக்கும் உள்ள இடைவெளி எவ்வளவு அகலமோ அவ்வளவு வயது என்று தோராயமாகச் சொல்லலாம். கிளாஸின் உள்பக்கத்தில் வழியும் துளிகளைக் காட்டி "நல்ல ஒயின்" என்பார் யாராவது. அந்தத் துளிகள் ஆல்கஹாலும் நீரும் வெவ்வேறு வேகத்தில் ஆவியாவதால் வருபவை, தரத்தைப் பற்றி எதுவும் சொல்லாது.

பிறகு முகருங்கள், ஆட்டாமல் ஒருமுறை, ஆட்டி ஒருமுறை. ஐந்து நிமிடம் கழித்து மீண்டும். இருபது நிமிடம் கழித்து மீண்டும். பழைய ஒயின் முதலில் கதவைச் சாத்திக்கொண்டிருக்கும். பூட்டிய அறையின் மக்கு வாசம் வரும். காற்றுப் பட்டதும் மெல்ல மெல்லத் திறக்கும். சில ஒயின்கள் நேர்மாறாக, முதல் ஐந்து நிமிடத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு அடங்கிவிடும். ஒருமுறை முகர்ந்து முடிவுகட்டினால் இரண்டையுமே தவறாக எடைபோடுவீர்கள்.

மணத்துக்குப் பெயர் வைக்கும்போது புத்தகச் சொற்களைத் தேடாதீர்கள். ஒருநாளும் தின்னாத பழத்தின் பெயரை எழுதிவைத்தால் அடுத்த முறை உங்களுக்கே புரியாது. பழைய புத்தகத் தாள், இஸ்திரி போட்ட துணி, பெட்டியில் மடித்துவைத்த பட்டு, வெட்டிய மரத்தின் வாசம் என்று உங்கள் நினைவில் என்ன எழுகிறதோ அதுதான் சரியான சொல்.

வாயில் வைத்ததும் நான்கைந்து விஷயங்களைக் கவனித்தால் போதும். எச்சில் எவ்வளவு ஊறுகிறது என்பது புளிப்பின் அளவு. தொண்டையில் ஏறும் சூடு ஆல்கஹாலின் அளவு. ஈறும் கன்னத்தின் உள்பக்கமும் வறண்டு இழுத்துப் பிடித்தால் அது டானின். தமிழருக்கு இங்கே ஒரு வசதி உண்டு. பல மொழிகளில் இந்த உணர்வைப் புதியவருக்கு விளக்கப் பத்து வரி தேவைப்படுகிறது. நாம் அறுசுவையில் ஒன்றாகவே அதை எண்ணி, துவர்ப்பு என்று பெயரும் வைத்திருக்கிறோம். துவர்ப்பு எங்கே பிடிக்கிறது, மணல்போல் சொரசொரக்கிறதா, பட்டுப்போல் வழுக்கிக்கொண்டு போகிறதா என்று பாருங்கள். இளமையில் சொரசொரத்தது வயதில் பட்டாகும். கடைசியாக, விழுங்கியோ துப்பியோ முடித்த பிறகு சுவை எத்தனை நொடி தங்குகிறது என்று மனதுக்குள் எண்ணுங்கள். நெடுநேரம் தங்கினால் ஒயின் உயிரோடு இருக்கிறது.

உயிரோடு இருக்கிறதா என்பதில்தான் தொடங்குகிறவர்கள் தடுமாறுகிறார்கள். வயதும் கேடும் ஒன்றுபோலத் தோன்றும். நனைந்த அட்டைப்பெட்டி வாடை வந்து, பழ வாசமே அமுங்கிப் போயிருந்தால் கார்க் கெடுதல், டி.சி.ஏ. என்ற சேர்மம் ஒரு லிட்டரில் சில நானோகிராம் இருந்தாலே போதும், ஒயினைச் சாய்த்துவிடும். காற்றுப் பட்டாலும் இது போகாது, கூடத்தான் செய்யும். நகப்பூச்சும் வினிகரும் கலந்த காட்டம் என்றால் ஆவியாகும் அமிலம் மிகுந்துவிட்டது. வெட்டிவைத்துக் கறுத்த ஆப்பிள் வாசமும் மங்கிய பழுப்பும் சேர்ந்து, இருபது நிமிடம் கழித்தும் ஒன்றும் எழவில்லை என்றால் ஒயின் முடிந்துவிட்டது. வருத்தமாகத்தான் இருக்கும். வண்டலும் மண்வாசமும் செங்கல் நிறமும் குறைகள் இல்லை. இவற்றைப் பிரித்தறிவது பழக்கத்தில்தான் வரும், அதனால் கெட்ட பாட்டிலை உடனே கொட்டிவிடாமல் எல்லோரும் ஒருமுறை முகர்ந்து மனதில் பதித்துக்கொள்ளுங்கள்.

ஊகிப்பது

இப்போது ஊகிக்கலாம். பெரியதிலிருந்து சிறியதற்கு வாருங்கள். எவ்வளவு வயது? குளிர்ந்த நிலமா, வெப்ப நிலமா? ஓக் பட்டிருக்கிறதா? அதன் பிறகு என்ன திராட்சை, அதன் பிறகு எந்த ஊர். வெளிறிய நிறமும் கடுந்துவர்ப்பும் உயர்ந்த புளிப்பும் சேர்ந்து, உலர்ந்த ரோஜாவும் தாரும் மணம் வீசினால் நெபியோலோ திராட்சை, ஆகவே பரோலோவாக இருக்கலாம். அதேபோல் வெளிறியிருந்து துவர்ப்பு மென்மையாக இருந்தால் பினோ நுவார், ஆகவே பர்கண்டியாக இருக்கலாம். காரணத்தைத் தாளில் எழுதிவையுங்கள். காரணம் எழுதாத ஊகம் சரியாக இருந்தாலும் அதிலிருந்து ஒன்றும் கிடைக்காது. காரணம் எழுதியிருந்தால் தவறும் பாடமாகிவிடும்.

பொறிகள் உண்டு. நெபியோலோவின் விளிம்பு இளமையிலேயே ஆரஞ்சு சாயல் காட்டும். பத்து வயதை இருபது என்று நினைக்கவைக்கும். பீப்பாயில் நெடுநாள் இருந்த ரியோகாவும் அப்படியே. எங்களை எல்லாம் ஒருசேர ஏமாற்றியது ஆஸ்திரேலியாவின் ஹண்டர் பள்ளத்தாக்குச் செமியோன் என்ற வெள்ளை ஒயின். தீயில் வாட்டிய ரொட்டி வாசமும் தேனும் அவ்வளவு தெளிவாக வந்தன. ஓக் பீப்பாயில் வளர்ந்த ஷார்டனே என்று மேசை முழுக்க ஒரே குரல். அந்த ஒயின் ஓக்கைக் கண்டதே இல்லை. முன்கூட்டியே அறுவடை செய்த திராட்சை, குறைந்த ஆல்கஹால், இளமையில் ஏறக்குறைய ஒன்றுமில்லாத மணம். அந்த வாட்டிய ரொட்டி வாசம் முழுக்க பாட்டிலுக்குள் கிடந்த ஆண்டுகள் தந்தது. மூப்பு என்றால் தேய்வு மட்டுமே என்று நினைத்திருந்த ஒரு நண்பர் அன்றுமுதல் அதைச் சொல்வதை நிறுத்திவிட்டார்.

முழுநேரம் இதையே செய்கிறவர்களுக்கும் இது கடினம்தான். ஒயின் துறையின் உயர்ந்த பட்டங்களில் ஒன்றான மாஸ்டர் ஆஃப் ஒயினுக்கான தேர்வில் பன்னிரண்டு பன்னிரண்டாக மூன்று முறை, மொத்தம் 36 ஒயின்களைப் பெயர் தெரியாமல் சுவைத்துக் காரணம் எழுத வேண்டும். அங்கேயும் மதிப்பெண்ணில் பெரும்பகுதி காரணத்துக்குத்தான் போகிறது.

பேச்சு தொடங்கியதும் கருத்துகள் மோதும். மோதட்டும். சிரா திராட்சையின் மிளகு வாசத்துக்குக் காரணமான ரோட்டண்டோன் என்ற சேர்மத்தை ஏறக்குறைய ஐந்தில் ஒருவரால் முகரவே முடியாது என்று ஆய்வு காட்டுகிறது. எதிரில் இருப்பவர் "மிளகு எங்கே?" என்று கேட்டால் அவர் கவனக்குறைவானவர் என்று பொருள் இல்லை, அவர் மூக்கில் அந்த வாசல் இல்லாமல் இருக்கலாம். கார்க் கெடுதலும் அப்படித்தான், சிலர் முதல் மூச்சிலேயே பிடித்துவிடுவார்கள், சிலருக்கு மிக அதிகமானால்தான் தெரியும். பல மூக்குகள் ஒரே கிளாஸைச் சுற்றி இருப்பதன் பயன் இதுதான். ஒவ்வொருவரும் பிடித்த வரிசையை எழுதி, எண்களைக் கூட்டிப் பாருங்கள். கூட்டலில் முதலில் வந்ததைவிட, ஒருவருக்கு முதலிடமும் இன்னொருவருக்குக் கடைசி இடமும் பெற்ற ஒயினைப் பற்றித்தான் நெடுநேரம் பேசுவீர்கள்.

பைகளை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். ஒவ்வொரு பெயரும் தெரிந்ததும் அந்தக் கிளாஸுக்குத் திரும்பிப் போய் மீண்டும் ஒரு வாய் சுவையுங்கள். பெயர் தெரிந்தவுடன் ஒயின் மாறுவதை உங்கள் வாயிலேயே உணர்வீர்கள். போர்தோ மாணவர்களுக்கு நடந்தது உங்களுக்கும் நடக்கும். அதனால்தான் தாளில் முன்பே எழுதிவைத்ததை அடித்துத் திருத்த வேண்டாம் என்று சொல்கிறேன். கீழே வேறு நிற மையில் புதிதாக எழுதுங்கள், இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும்.

எல்லா கிளாஸிலும் ஒரு மிடறு மிச்சம் வையுங்கள். மதேரா திறந்த பிறகும் பல மாதம் தாங்கும், செய்யும்போதே வெப்பத்தையும் காற்றையும் பார்த்துவிட்ட ஒயின் அது. முப்பது வயது சிவப்பு நாளைக் காலைவரைகூட இருக்காது. பேசி முடித்து, பாட்டில்களை ஒதுக்கிவைத்த பிறகு, யாரும் பெரிதாக மதிப்பெண் போடாத கிளாஸ் ஒன்றை எடுத்து மறுபடி முகர்ந்து பாருங்கள். எங்கள் கடைசிக் கூடலில் அது நான்காம் எண். ஊற்றியபோது மக்கு வாசம் மட்டும்தான், ஆறு பேர் கடைசியில் வைத்தோம். ஒன்றரை மணி நேரம் கழித்து அதில் உலர்ந்த ரோஜா வந்திருந்தது. கிளாஸ் கைமாறிக் கைமாறி மேசையைச் சுற்றி வந்தது. என்னிடம் வந்தபோது அடியில் ஒரு சொட்டுதான் இருந்தது, மணம் இன்னும் ஏறிக்கொண்டிருந்தது.